ரீபூட், ரிவைவல், வழித்தொடர்: சொல் விளக்கம்

2023 ஜனவரி 19 அன்று நெட்ஃபிளிக்ஸில், ‘தட் 70ஸ் ஷோ’ என்ற பழைய அமெரிக்க நகைச்சுவைத் தொடரின் தொடர்ச்சியாக ‘தட் 90ஸ் ஷோ’ வந்தபோது சிலர் அதை ரீபூட் என்றார்கள், சிலர் ரிவைவல் என்றார்கள், ஸ்பின்-ஆஃப் என்றும் சொன்னார்கள். தமிழில் எழுதும்போது நாம் பெரும்பாலும் இவை எல்லாவற்றுக்கும் ‘மறு உருவாக்கம்’ என்ற ஒரே சொல்லைப் போட்டுவிடுகிறோம். ஆனால் இவை வேறு வேறு. அந்த வேறுபாடு பிடிபட்டால், தொடரில் வந்த இளம் நடிகர்களைப் பழைய ரசிகர்கள் ஏன் அவ்வளவு கடுமையாகப் பேசினார்கள் என்பதும் பிடிபடும்.

முதலில் சிட்காம். ‘சிச்சுவேஷன் காமெடி’ என்பதன் சுருக்கம் இது. ஒரே வீடு அல்லது ஒரே அலுவலகம், வாராவாரம் அதே ஆட்கள், அவர்களுக்குப் புதிதாக ஒரு சிக்கல். அமெரிக்க வானொலியில் வளர்ந்து தொலைக்காட்சிக்கு வந்த வடிவம். தமிழில் ‘சூழல் நகைச்சுவை’ போதும். இந்த வடிவத்தில் கதையைவிட இடமும் ஆட்களும்தான் பார்ப்பவரைப் பிடித்து வைக்கின்றன. அதனால்தான் ஆளை மாற்றினால் உடனே வலிக்கிறது.

ரீபூட் என்ற சொல் கணினியிலிருந்து வந்தது. பூட்ஸின் பின்புறம் இழுத்து மாட்டுவதற்கு ஒரு வார் இருக்கும். அதைப் பிடித்துத் தன்னைத் தானே தூக்கிக்கொள்வது என்று, நடக்கவே முடியாத காரியத்துக்கு ஆங்கிலத்தில் ஒரு சொலவடை உண்டு. கணினியை முடுக்கும்போது ஒரு சின்ன நிரல் தன்னைவிடப் பெரிய நிரலை ஏற்றி இயந்திரத்தை எழுப்புகிறது. அதற்கு இந்த வாரின் பெயரை வைத்தார்கள். அதுவே சுருங்கி ‘பூட்’ ஆனது, திரும்பச் செய்தால் ‘ரீபூட்’. திரைக்கு வந்தபோதும் அதே பொருள்தான்: முன்பு நினைவில் இருந்ததை அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்குவது.

ரிவைவல் வேறு ஊர்க்காரச் சொல். லத்தீனில் ‘வாழ்’ என்ற பொருளுள்ள வேரிலிருந்து வந்தது. பழைய நாடகத்தை மறுபடி மேடையேற்றுவதற்கு நாடக உலகம் அதைப் பல நூற்றாண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறது. தொலைக்காட்சியில் ரிவைவல் என்றால் நின்றுபோன தொடர் அதே ஆட்களோடு, அதே கதையின் நீட்சியாகத் திரும்ப வருவது. எதுவும் அழிவதில்லை.

இந்த இரண்டையும் பிரித்துச் சொல்லத் தமிழில் ஏற்கெனவே இரண்டு முன்னொட்டுகள் இருக்கின்றன. மறுநாள், மறுமணம், மறுபிறவி என்கிறோம். மறுநாள் நேற்றைய நாள் அல்ல, மறுபிறவியில் பழைய உடல் இல்லை. ‘மறு’ வந்தால் வருவது இன்னொன்று. ‘மீள்’ அப்படியல்ல. போனவர் மீண்டார் என்றால் போன அதே ஆள்தான் வந்து நிற்கிறார். இலங்கையில் மீள்குடியேற்றம் என்ற சொல்லைக் கேட்டால், இருந்த மண்ணுக்கே திரும்புவது என்ற எண்ணம்தான் முதலில் வருகிறது. ‘மறுபடியும்’ என்கிற இடத்தில் இந்தக் கோடு கொஞ்சம் மங்குகிறது, மறுப்பதற்கில்லை. ஆனால் பெயர்ச்சொற்களில் தெளிவாகவே இருக்கிறது. ஆகவே ரீபூட்டுக்கு ‘மறுதொடக்கம்’, ரிவைவலுக்கு ‘மீள்வரவு’. மறுதொடக்கம் கணினித் தமிழில் முன்பே புழங்கும் சொல் என்பதால், மூலச்சொல் வந்த வழியும் அதில் கெடாமல் இருக்கிறது. ‘மறுமலர்ச்சி’ வேண்டாம். அது இயக்கங்களுக்கும் காலகட்டங்களுக்கும் போய்விட்ட சொல்.

எடுத்துக்காட்டாக, 1975இல் தொடங்கிய ‘ஒன் டே அட் எ டைம்’ தொடரை 2017இல் புதிதாக எடுத்தார்கள். இண்டியானாபொலிஸ் குடும்பம் போய், லாஸ் ஏஞ்சலஸில் வாழும் கியூப வம்சாவளிக் குடும்பம் வந்தது. பழைய குடும்பத்தார் யாரும் இல்லை. இது மறுதொடக்கம். ‘ஃபுல் ஹவுஸ்’ 1995இல் முடிந்தது. 2016இல் வந்த ‘ஃபுல்லர் ஹவுஸ்’ தொடரில் அன்றைய சிறுமிகளே அதே வீட்டில் தாய்மார்களாக நின்றார்கள். இது மீள்வரவு.

சரி, ‘தட் 90ஸ் ஷோ’ எதில் சேரும்? மூலத் தொடரான ‘தட் 70ஸ் ஷோ’ 1998 முதல் 2006 வரை ஃபாக்ஸ் தொலைக்காட்சியில் 200 பகுதிகள் ஓடியது. விஸ்கான்சினில் பாயின்ட் பிளேஸ் என்ற கற்பனை ஊர். அங்கே எரிக் ஃபோர்மன் வீட்டு நிலவறையில் கூடும் பதின்வயதுக் கூட்டம். புதிய தொடர் 1995 கோடையில் தொடங்குகிறது. எரிக், டோனா தம்பதியின் மகள் லையா தாத்தா பாட்டி வீட்டுக்கு வந்தவள், கோடை முழுக்க அங்கேயே தங்கிவிடுகிறாள். தாத்தா ரெட்டாக கர்ட்வுட் ஸ்மித், பாட்டி கிட்டியாக டெப்ரா ஜோ ரப். இவர்கள் மீள்வரவு. லையாவாக நடித்த கேலி ஹேவர்டாவும் அவளுடைய நண்பர் கூட்டமும் முழுக்கப் புது முகங்கள். நிலவறை அப்படியே இருக்கிறது. பிள்ளைகள் வட்டமாக உட்கார, கேமரா புகை மூட்டத்துக்கு நடுவே ஒவ்வொரு முகமாகச் சுற்றி வரும் அந்தப் பழைய உத்தியும் இருக்கிறது. உட்கார்ந்திருப்பவர்கள்தான் வேறு.

ரசிகர் கோபத்தின் மையம் அந்த வட்டம்தான். அதே சட்டகம், அதே சுழற்சி, முகம் மட்டும் அந்நியம் என்றால், நடிக்கிற பிள்ளை எவ்வளவு நன்றாக நடித்தாலும் பார்ப்பவர் மனம் பழைய முகத்தையே தேடும். ‘இவர்களுக்கு நடிப்பு வரவில்லை’, ‘பழையவர்களின் நகல்’ என்ற பேச்சுகள் அங்கிருந்து வந்தவை. அவை நியாயமில்லை என்றே நினைக்கிறேன். மூலத் தொடரில் எரிக்காக வந்த டோஃபர் கிரேஸுக்கு 1998இல் அதுதான் முதல் தொடர். எரிக்கின் கூட்டத்தில் ஒருத்தியான ஜாக்கியாக வந்த மிலா கூனிஸுக்குத் தேர்வானபோது வயது 14. அவர்களும் புது முகங்களாகத்தான் வந்தார்கள். அவர்களுக்கு முதல் பருவத்திலேயே 25 பகுதிகள் கிடைத்தன, மாதக்கணக்கில் வாராவாரம் நம் வீட்டுக்கு வந்து பழகினார்கள். லையா கூட்டத்துக்கு முதல் பருவத்தில் கிடைத்தவை 10, அதுவும் ஒரே நாளில் மொத்தமாக. சூழல் நகைச்சுவைக்கு வேண்டிய பழக்கம் அதற்குள் எங்கே வரும்?

இன்னொரு பக்கம், வேறு வகைக் குறை. மூலத் தொடர் ஜாக்கியையும் அதே கூட்டத்து ஃபெஸ்ஸையும் சேர்த்து வைத்து முடிந்தது. புதியதில் ஜாக்கி அந்தக் கூட்டத்தின் இன்னொரு பையனான கெல்சோவோடு இருக்கிறாள், அவர்களுடைய மகன் ஜே லையாவின் கூட்டத்தில் ஒருவன். மிலா கூனிஸே தன் பாத்திரம் ஃபெஸ்ஸோடுதான் இருந்திருக்க வேண்டும் என்று பேட்டியில் சொன்னார். ஆக ஒரு சாராருக்குப் புதிதாக எதுவும் இல்லை என்ற குறை, இன்னொரு சாராருக்குப் பழையதை மாற்றிவிட்டார்கள் என்ற குறை.

இந்த இரண்டையும் ஒரே அளவுகோலில் வைத்துப் பார்க்கும் சொல் நம் இலக்கணத்தில் இருக்கிறது. தொல்காப்பிய மரபியல் நூல்களை முதல், வழி என்று பிரிக்கிறது. நன்னூலில் பவணந்தி முனிவர் சார்பையும் சேர்த்து மூன்றாக்குகிறார். வழிநூல் என்பது முன்னோர் நூலின் முடிபோடு முழுதும் ஒத்துப்போக வேண்டும். அதோடு ‘பின்னோன் வேண்டும் விகற்பம்’, அதாவது பின்னால் வந்தவர் விரும்பும் வேறுபாடுகளையும் சொல்ல வேண்டும். வான்மீகிக்குக் கம்பர் செய்தது வழிநூல் என்று பள்ளியிலேயே படித்திருப்போம். ‘தட் 90ஸ் ஷோ’ மீது விழுந்த குறைகளை இதில் வைத்துப் பாருங்கள். நகல் என்றவர்கள் விகற்பம் இல்லை என்கிறார்கள். ஜாக்கிக்காக வருந்தியவர்கள் முடிபு ஒத்துவரவில்லை என்கிறார்கள்.

பழைய பாத்திரங்கள் பெரியவர்களாக ஓரத்தில் நிற்க, அடுத்த தலைமுறை நடுவே வரும் இந்த வகைக்கு ஆங்கிலத்தில் ‘லெகஸி சீக்வெல்’ என்கிறார்கள். அதற்கு ‘வழித்தொடர்’ என்பதே என் பரிந்துரை. வழித்தோன்றல் என்ற சொல்லின் வம்சப் பொருளும் அதில் கேட்கிறது. பேச்சுவழக்கில் ‘வாரிசுத் தொடர்’ என்றாலும் தப்பில்லை. ஆனால் திரையுலகில் ‘வாரிசு’ நடிகரின் பிள்ளையைக் குறிக்கும், பாத்திரத்தின் பிள்ளையை அல்ல. அந்தக் குழப்பத்தைத் தவிர்க்கலாம். ஸ்பின்-ஆஃப் என்பதற்குச் ‘சார்புத்தொடர்’. ‘சியர்ஸ்’ தொடரிலிருந்து ஒரு பாத்திரத்தை எடுத்து 1993இல் தொடங்கிய ‘ஃப்ரேசியர்’ அந்த வகை.

எழுதும் முறை: மறுதொடக்கம், மீள்வரவு இரண்டிலும் ஒற்று மிகாது. வழித்தொடர், சார்புத்தொடர் இரண்டிலும் மிகும். வாக்கியத்தில் இப்படி வரலாம்: “‘தட் 90ஸ் ஷோ’ என்ற வழித்தொடர் 2024 அக்டோபரில் நிறுத்தப்பட்டது, ரெட், கிட்டி ஆகியோரின் மீள்வரவைப் பழைய ரசிகர்கள் கடைசிவரை கொண்டாடினார்கள்.”