டிடிஎஸ் மீட்டர் சொல்லாதவை: குழாய்த் தண்ணீருக்கு ஏற்ற ஃபில்டரைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

டிடிஎஸ் (நீரில் கரைந்த பொருள்களின் மொத்த அளவு) மீட்டர் அளப்பது ஒன்றே ஒன்றைத்தான்: அதன் இரு முனைகளுக்கு நடுவே தண்ணீர் எவ்வளவு மின்சாரத்தைக் கடத்துகிறது என்பதை. அந்த அளவை 0.5 முதல் 0.7 வரையிலான ஓர் எண்ணால் பெருக்கி, லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் உப்பு என்று திரையில் காட்டுகிறது. அந்த உப்பில் பெரும்பங்கு கால்சியம், மக்னீசியம், சோடியம், பைகார்பனேட் என்று வழக்கமான அளவில் கெடுதல் செய்யாதவைதான். குடிநீரில் ஈயத்துக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்துள்ள வரம்பு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம். மீட்டரில் 300 காட்டும் தண்ணீரில் ஈயம் அந்த வரம்பைப்போல் இருபது மடங்கு இருந்தாலும் 300 என்ற எண் அசையாது. கிருமிகளும் பூச்சிக்கொல்லிகளும் அதற்குத் தெரியவே தெரியாது. ஆகவே 80 காட்டும் தண்ணீர் ஆபத்தானதாகவும், 600 காட்டும் தண்ணீர் பாதுகாப்பானதாகவும் இருக்கலாம். இந்த ஒற்றை எண்ணைக் காட்டி ஃபில்டர் விற்பதும், அதை நம்பி வாங்குவதும் இரண்டுமே தவறு.

பார்க்க வேண்டியது வேறு: மாசு எந்த இடத்தில் கலக்கிறது? அது கரைந்திருக்கிறதா, மிதக்கிறதா, உயிருள்ளதா?

சில மாசுகள் மூலநீரிலேயே இருக்கின்றன. ஆர்செனிக்கும் புளோரைடும் பாறைகளிலிருந்து நிலத்தடி நீரில் கரைபவை. நைட்ரேட் உரத்திலிருந்தும் கழிவுநீரிலிருந்தும் இறங்குவது. உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு ஆர்செனிக்குக்கு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம், புளோரைடுக்கு 1.5, நைட்ரேட்டுக்கு 50. படிகாரம், மணல் வடிகட்டி, குளோரின் என்ற வழக்கமான சுத்திகரிப்பு, நைட்ரேட்டைக் குறைப்பதில்லை. புளோரைடையும் பெரிதாகக் குறைப்பதில்லை.

சுத்திகரிப்பு நிலையத்தில் சேர்வது குளோரின். அது அவசியமானது. ஆனால் அழுகிய இலைதழைகளிலிருந்து வரும் கரிமப் பொருளோடு குளோரின் சேரும்போது குளோரோஃபார்ம் போன்ற டிரைஹாலோமீத்தேன்கள் உருவாகின்றன. 1974-இல் நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகர வேதியியலாளர் யோஹன்னஸ் ரூக் இதை வெளிக்கொண்டுவந்தார். அமெரிக்காவில் இவற்றின் மொத்த அளவுக்கு லிட்டருக்கு 80 மைக்ரோகிராம் என்று வரம்பு உண்டு.

பலரும் கவனிக்காமல் விடுவது மூன்றாவது இடத்தை: நிலையத்திலிருந்து உங்கள் டம்ளர் வரையிலான பாதை. குழாயில் எந்நேரமும் அழுத்தம் இருந்தால், ஓட்டை வழியே தண்ணீர் வெளியே கசியுமே தவிர எதுவும் உள்ளே வராது. சில மணி நேரம் மட்டும் தண்ணீர் விடும் ஊர்களில், விநியோகம் நின்றதும் அழுத்தம் விழுகிறது. மண்ணில் ஊறியிருக்கும் சாக்கடை நீர் அதே ஓட்டை வழியே உள்ளே புகுகிறது. குழாயிலிருந்து நேரடியாக மோட்டார் வைத்து உறிஞ்சினால் நிலைமை இன்னும் மோசமாகும். கடைசி வீடுவரை லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது எஞ்சியிருக்க வேண்டும் என்பதன் காரணம் இதுதான். அதே தண்ணீர் வெயிலில் காயும் மேல்நிலைத் தொட்டியில் ஓரிரு நாள் கிடந்தால் அந்தக் குளோரினும் போய்விடும்.

ஈயமும் பாதையில்தான் சேர்கிறது: பழைய ஈயக் குழாய், ஈயம் கலந்த பற்றவைப்பு, பித்தளைக் குழாய்த்தலை. 2014-இல் அமெரிக்காவின் ஃபிளிண்ட் நகரம் வேறொரு ஆற்றுநீருக்கு மாறியபோது, அரிப்பைத் தடுக்கும் பாஸ்பேட்டைச் சேர்க்கத் தவறியது. குழாய்களுக்குள் படிந்திருந்த பாதுகாப்புப் பூச்சு கரைந்து, வீடுகளுக்குள் ஈயம் வந்தது. எனவே ஈயத்துக்காகச் சோதனை செய்வதென்றால் இரண்டு மாதிரிகள் எடுக்க வேண்டும். குறைந்தது ஆறு மணி நேரம் குழாயைத் திறக்காமல் வைத்து வரும் முதல் லிட்டர் ஒன்று. ஐந்து நிமிடம் ஓடவிட்டு எடுப்பது மற்றொன்று. முதலாவதில் அதிகமாகவும் இரண்டாவதில் குறைவாகவும் இருந்தால், ஈயம் கலக்கும் இடம் பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது.

சோதனை முடிவு கையில் வந்த பிறகுதான் ஃபில்டரைப் பற்றிப் பேச வேண்டும்.

மண், துரு, கலங்கல் என்றால் 5 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) செடிமென்ட் கேண்டில், அதாவது வண்டலைப் பிடிக்கும் வடிகட்டி, போதும். அது கரைந்த எதையும் எடுக்காது. பின்னால் வரும் பாகங்களைக் காப்பதே அதன் வேலை.

கார்பன் (நுண்துளைகள் நிறைந்த கரி) ஃபில்டரின் வேலை சற்று நுட்பமானது. ஒரு கிராம் நல்ல கார்பனின் உள்துளைகளை விரித்தால் பரப்பு ஏறத்தாழ 1,000 சதுர மீட்டர் வரும். டிரைஹாலோமீத்தேன், பூச்சிக்கொல்லி, மண்வாசனை தரும் கரிமச் சேர்மங்கள் ஆகியவை அந்தப் பரப்பில் ஒட்டிக்கொள்கின்றன. குளோரின் ஒட்டுவதில்லை, கார்பனோடு வினைபுரிந்து குளோரைடாக மாறிவிடுகிறது. இந்த வேறுபாடு நடைமுறையில் முக்கியமானது. ஒட்டுவதற்கான இடம் நிறைந்து டிரைஹாலோமீத்தேன் தாண்டிப்போகத் தொடங்கிய பிறகும், அதே கார்பன் குளோரின் வாடையை நீண்ட நாள் நீக்கிக்கொண்டிருக்கும். வாடை இல்லை என்பதால் கேண்டில் நன்றாக இருக்கிறது என்று எண்ணிவிடக் கூடாது. தயாரிப்பாளர் சொன்ன லிட்டர் கணக்கில் மாற்றிவிடுங்கள். உதிரித் துகள் கார்பனில் தண்ணீர் சந்து கண்டுபிடித்து நழுவும். அழுத்திச் செய்த கார்பன் பிளாக்கில் அது நடக்காது, 0.5 மைக்ரான் பிளாக் 4 முதல் 6 மைக்ரான் அளவுள்ள கிரிப்டோஸ்போரிடியத்தையும் நிறுத்தும். 1993-இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் சுமார் 4 லட்சம் பேரை நோயில் தள்ளிய இந்த ஒட்டுண்ணிக்குக் குளோரின் ஒரு பொருட்டே அல்ல.

கார்பனுக்குப் பிறகு குளோரின் இல்லாததால், அங்கே கிருமி வளரும். ஊருக்குப் போய்த் திரும்பினால் முதல் சில நிமிடத் தண்ணீரைக் குடிக்காமல் ஓடவிடுங்கள்.

கிருமிக்கு யூவி (புற ஊதா ஒளி), யூஎஃப் (நுண்துளைச் சவ்வு) என இரு வழிகள் உண்டு. யூவி விளக்கு 254 நானோமீட்டர் ஒளியால் கிருமியின் மரபணுவைச் சிதைத்து அதைப் பெருகவிடாமல் செய்கிறது. தண்ணீர் கலங்கலாக இருந்தாலோ, விளக்கைச் சுற்றிய குவார்ட்ஸ் குழாயில் உப்பு படிந்திருந்தாலோ ஒளி கிருமியை எட்டாது. விளக்கின் ஆயுள் ஏறத்தாழ 9,000 மணி நேரம், அதாவது ஓர் ஆண்டு. அதற்குப் பிறகும் நீலமாக ஒளிரும், ஆனால் கொல்லும் ஒளி குறைந்திருக்கும். யூஎஃப் சவ்வு 0.1 முதல் 0.01 மைக்ரான் துளைகளால் பாக்டீரியாவைத் தடுக்கும், மின்சாரம் வேண்டாம். இரண்டுமே உப்பையோ ஈயத்தையோ கரைந்த ஆர்செனிக்கையோ தொடாது. கொதிக்கவைப்பதும் அப்படித்தான்: தளதளவென ஒரு நிமிடம் கொதித்தால் கிருமி சாகும், ஆனால் நீர் ஆவியாவதால் நைட்ரேட்டின் அடர்த்தி கூடும்.

கரைந்த புளோரைடு, நைட்ரேட், ஆர்செனிக், மிகையான உப்பு என்றால்தான் ஆர்ஓ தேவை; அது தண்ணீரை அழுத்தத்தால் மெம்பிரேன் என்னும் மெல்லிய சவ்வு வழியே தள்ளி உப்பைப் பிரிப்பது. நல்ல மெம்பிரேன் உப்பில் 95 சதவீதத்துக்கு மேல் பிரித்துவிடும். நைட்ரேட்டில் சற்றுக் குறைவு. ஆர்செனிக்கின் ஒரு வடிவமான ஆர்செனைட் மின்னேற்றம் இல்லாதது, அது மெம்பிரேனை எளிதில் தாண்டும். குளோரின் இருக்கும் தண்ணீரில் அது ஆர்செனேட்டாக மாறிவிடுவதால் சிக்கலில்லை. குளோரின் போடாத ஆழ்துளைக் கிணற்று நீரில்தான் இதைக் கவனிக்க வேண்டும். அதே குளோரின் மெம்பிரேன் செய்யப்பட்ட பாலிஅமைடு என்ற பிளாஸ்டிக்கை அரிக்கும் என்பதால் முன்னால் கார்பன் கட்டாயம்.

சாதாரண வீட்டு ஆர்ஓ ஒரு லிட்டர் நல்ல நீருக்கு மூன்று லிட்டர் வரை கழிவுக் குழாயில் விடும். பிரிந்த உப்பை அடித்துச் செல்ல அந்த ஓட்டம் வேண்டும். கழிவுநீரைச் சேமிக்கிறேன் என்று கழிவு ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் ஃபுளோ ரெஸ்ட்ரிக்டரை இறுக்கினால், கால்சியம் மெம்பிரேன்மேலேயே படிந்து அடைத்துவிடும்.

பலர் அறியாத பாகம் ஒன்று: டிடிஎஸ் அட்ஜஸ்டர் என்னும் சிறு திருகு. இது தாது சேர்ப்பதில்லை. மெம்பிரேனுக்குள் போகாத தண்ணீரில் ஒரு பங்கைச் சுத்தமான நீரோடு கலக்கிறது. எந்தப் புளோரைடை நீக்க ஆர்ஓ வாங்கினீர்களோ, அதுவும் கூடவே திரும்பி வருகிறது. கரைந்த நச்சு இருக்கும் ஊரில் இந்தத் திருகை முழுவதும் மூடிவிட்டு, சுவை வேண்டுமென்றால் தனி மினரல் கேண்டில் வையுங்கள். மூலநீரின் டிடிஎஸ் 600-க்குக் கீழே, சோதனையில் நச்சும் இல்லை என்றால் ஆர்ஓ வீண்செலவு; கார்பன் பிளாக்கும் யூவியும் போதும். 600 வரை சுவை நன்றாகவே இருக்கும், 1,000-ஐத் தாண்டினால்தான் குடிக்கப் பிடிக்காமல் போகும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பு.

பெட்டியில் 'ஏழு அடுக்கு' என்று எழுதியிருப்பதைவிடச் சான்றிதழ் எண்ணைப் பாருங்கள். என்எஸ்எஃப்/ஆன்சி என்ற அமெரிக்கத் தரச்சான்றில் 42 என்றால் சுவையும் குளோரினும் மட்டும், 53 என்றால் ஈயம் போன்ற உடல்நலக் கேடுகள், 58 ஆர்ஓவுக்கு, 55 யூவிக்கு. 53 இருந்தாலே போதாது. எந்த மாசுக்காகச் சோதிக்கப்பட்டது என்ற பட்டியலில் உங்கள் மாசின் பெயர் இருக்க வேண்டும்.

கேண்டில் மாற்றும்போது ஹவுசிங்கின் (கேண்டில் இருக்கும் கூட்டின்) ஓ-ரிங் என்னும் ரப்பர் வளையத்தைத் துடைத்து, சிலிகான் கிரீஸ் மெல்லப் பூசுங்கள். பெட்ரோலியம் ஜெல்லி சில வகை ரப்பரை ஊதவைத்துக் கசியவிடும். டிடிஎஸ் மீட்டருக்கு உண்மையிலேயே வேலை இருப்பது ஆர்ஓ மெம்பிரேனைச் சோதிப்பதில். அட்ஜஸ்டரை மூடி, பத்து நிமிடம் ஓடவிட்டு அளக்க வேண்டும். நின்றிருந்த இயந்திரத்தின் முதல் தண்ணீரில் உப்பு கூடுதலாகத்தான் இருக்கும். உள்ளே போவது 400, வெளியே வருவது 20 என்றால் 95 சதவீதம் பிரிகிறது. வெளியே 80-ஐத் தாண்டினால் மெம்பிரேனை மாற்றும் நேரம்.