அழித்தாலும் திரும்ப எரியும் செக் இன்ஜின் விளக்கு

டாஷ்போர்டில் செக் இன்ஜின் விளக்கு எரிந்ததும் பலர் நேராகப் போவது, வண்டியின் கணினியில் பதிவான பழுதைப் படிக்கும் ஸ்கேனர் வைத்திருக்கும் பக்கத்துக் கடைக்கு. "எரரை மட்டும் அழிச்சு விடுங்க" என்கிறார்கள். ஐந்து நிமிடத்தில் விளக்கு அணைகிறது. நாலு நாள் வண்டி நன்றாக ஓடுகிறது. பிறகு ஏதோ ஒரு மேம்பாலத்தில், பின்னால் லாரி நெருக்கிக்கொண்டு வரும் நேரத்தில், ஆக்சிலேட்டரை மிதித்தாலும் வண்டி இழுக்காது. அதே விளக்கு மறுபடியும் எரியும். இப்படி எங்கள் ஒர்க்‌ஷாப்புக்கு வரும் வண்டிகளில், உண்மையான பழுதைச் சரிசெய்ய ஆகும் செலவைவிட, அதற்கு முன்பு வீணாக மாற்றிய பாகங்களுக்கான பில் பெரிதாக இருப்பதை அடிக்கடி பார்க்கிறேன். அந்தப் பணம் மிச்சமாக வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

இழுவை குறைவது பெரும்பாலும் இன்ஜின் கெட்டுப்போனதால் அல்ல. இன்ஜினை இயக்கும் கணினி தானே எடுக்கும் தற்காப்பு அது. டீசல் வண்டியில், இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவிலிருந்து வர வேண்டிய காற்று வரவில்லை என்றால், அந்தக் காற்றுக்கு ஏற்ற அளவுக்கு மேல் டீசல் விட்டால் கரும்புகை வரும், புகைப்போக்கியின் வெப்பம் எகிறும். அதனால் கணினி டீசலைக் குறைத்துவிடுகிறது. பல வண்டிகளில் 3,000 ஆர்பிஎம்மைத் தாண்டவே விடாது. இதைத்தான் லிம்ப் மோட் என்கிறோம். ஓரமாக நிறுத்தி, சாவியை அணைத்துப் போட்டால் நிறைய வண்டிகளில் இழுவை திரும்பிவிடும். இங்கேதான் ஏமாறுகிறோம். "அணைச்சுப் போட்டா சரியாயிடுதுங்க, சும்மா சென்சார் கோளாறுதான்" என்று மாதக்கணக்கில் ஓட்டுகிறவர்கள் உண்டு.

விளக்கு விட்டுவிட்டு எரிவதற்கும் காரணம் இருக்கிறது. பெரும்பாலான பழுதுகளைக் கணினி ஒரே தடவை பார்த்ததும் விளக்கைப் போட்டுவிடாது. அடுத்த ஓட்டத்திலும் அதே பழுது தெரிந்தால்தான் போடும். தொடர்ந்து மூன்று ஓட்டங்களில் பழுது தெரியாவிட்டால் தானாகவே அணைத்துவிடும். ஆனால் எந்தப் பழுது என்று குறிக்கும் எண், அதாவது கோட், கணினியின் நினைவில் இருக்கும். ஆகவே விளக்கு தானாக அணைந்துவிட்டது என்பதால் பழுது போய்விட்டதாக எண்ண வேண்டாம். அந்தப் பழுது வெளிப்படும் சூழ்நிலை சில நாட்களாக வரவில்லை, அவ்வளவுதான்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். சேலத்தில் டாக்ஸி ஓட்டும் ஒருவருடைய டீசல் கார். ஊருக்குள் எந்தக் குறையும் இல்லை. ஏற்காடு மலை ஏறும்போது மட்டும், அதுவும் ஆள் நிறைய இருந்தால், பாதியில் இழுவை போய்விடும். கோட் பி0299. டர்போ அழுத்தம் எதிர்பார்த்ததைவிடக் குறைவு என்று பொருள். ஒரு இடத்தில் அழுத்த சென்சாரை மாற்றியிருந்தார்கள். இன்னொரு இடத்தில், "டர்போவே போயிடுச்சு, மாத்தணும்" என்று அரை லட்சத்துக்கு மேல் எஸ்டிமேட் கொடுத்திருந்தார்கள்.

பி0299 என்ற கோட் டர்போ கெட்டது என்று எங்கும் சொல்லவில்லை. கேட்ட அழுத்தம் கிடைக்கவில்லை என்று மட்டுமே சொல்கிறது. அதற்கு அடைத்துப்போன ஏர் ஃபில்டர் காரணமாக இருக்கலாம். இன்டர்கூலர் (டர்போ காற்றைக் குளிர்விக்கும் பாகம்) ஹோஸ் கிழிசல், தளர்ந்த கிளாம்ப், வெடித்த வேக்குவம் குழாய், திறந்தபடியே சிக்கிக்கொண்ட ஈஜிஆர் வால்வு (புகையில் கொஞ்சத்தை இன்ஜினுக்கே திருப்பிவிடுவது), கரி பிடித்து அசையாமல் நிற்கும் டர்போ இறக்கைகள் என எதுவாகவும் இருக்கலாம். டர்போவே போய்விட்டது என்பது கடைசியாகச் சந்தேகப்பட வேண்டியது. ஏனென்றால் மற்ற எல்லாவற்றையும் சோதிக்க ஒரு மணி நேரமும் கொஞ்சம் பொறுமையும் போதும்.

கோட் பதிவாகும் அந்த நொடியில் வண்டி எந்த நிலையில் இருந்தது என்பதையும் கணினி சேர்த்தே பதிந்து வைக்கும். வேகம் எவ்வளவு, ஆர்பிஎம் எவ்வளவு, இன்ஜினின் சுமை எத்தனை சதவீதம், தண்ணீர் எவ்வளவு சூடு என எல்லாம் இருக்கும். ஃப்ரீஸ் ஃப்ரேம் என்பார்கள். எங்களுக்குக் கிடைக்கும் சாட்சியங்களில் இதைவிடப் பெரியது வேறில்லை. கோட் எண்ணை அழித்தால் இதுவும் சேர்ந்தே அழியும். அவசரப்பட்டு அழித்துவிட்டு வருகிறவர்களிடம் நான் வருத்தப்படுவது இதற்காகத்தான்.

அந்த டாக்ஸியின் ஃப்ரீஸ் ஃப்ரேமில் வேகம் குறைவு, சுமை 90 சதவீதத்துக்கு மேல். அதாவது முழு அழுத்தம் கேட்கும்போது மட்டும் வரும் பழுது. நின்ற இடத்தில் ஆக்சிலேட்டரை முறுக்கிப் பார்த்தால் இது பிடிபடாது. ஸ்கேனரை மாட்டிக்கொண்டு மலை ஏற்றினோம். கணினி கேட்கும் அழுத்தமும் கிடைக்கும் அழுத்தமும் முதலில் ஒன்றாகவே ஏறின. ஒரு கட்டத்துக்கு மேல் கேட்பது ஏற, கிடைப்பது அப்படியே நின்றுவிட்டது. டர்போ தேய்ந்திருந்தால் ஆரம்பத்திலிருந்தே மந்தமாக ஏறியிருக்கும். குறிப்பிட்ட அழுத்தத்தில் எங்கோ வாய் திறக்கிறது என்று அப்போதே தெரிந்தது. திரும்பி வந்து காற்றுக் குழாய்களுக்குள் புகை விட்டுப் பார்த்தோம், கசிவு காணோம். காரணம், புகைச் சோதனையின் அழுத்தம் மிகக் குறைவு. பிறகு காற்றுக் குழாய்களை அடைத்து, ஏறக்குறைய 1 பார் அழுத்தம் ஏற்றி, சோப்புத் தண்ணீர் தெளித்தோம். இன்டர்கூலர் ஹோஸின் அடிப்பக்கத்தில், கிளாம்புக்கு ஒட்டினாற்போல் ஒரு கிழிசல் நுரை கக்கியது. சும்மா இருக்கும்போது உதடு மூடியது போலக் கண்ணுக்கே தெரியாது. சுற்றிலும் எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது. உங்கள் வண்டியிலும் டர்போ ஹோஸ் ஓரங்களில் புதிதாகக் கருப்பு எண்ணெய்க் கறை தெரிந்தால், முதலில் அந்த இடத்தைக் காட்டுங்கள். ஹோஸையும் கிளாம்பையும் மாற்றியதோடு அந்த வேலை முடிந்தது.

2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்6 என்ற வாகனப் புகை விதி வந்த பிறகு டீசல் கார்களில் இன்னொரு காரணம் அதிகமாகிவிட்டது. புகைக்கரியைப் பிடித்து வைக்கும் டிபிஎஃப் வடிகட்டி. பிடித்த கரியை அது சுமார் 600 டிகிரி சூட்டில் எரித்துத் தன்னைச் சுத்தம் செய்துகொள்ள வேண்டும். பிள்ளைகளைப் பள்ளியில் விட்டுவிட்டு, காய்கறி வாங்கிக்கொண்டு, மூன்று கிலோமீட்டரில் வீடு திரும்பும் வண்டிக்கு அந்தச் சூடு கிடைப்பதே இல்லை. பாதி எரியும்போதே அணைத்துவிடுகிறோம். கரி சேர்ந்துகொண்டே போய் ஒருநாள் இழுவை குறைகிறது. டிபிஎஃப் விளக்கு வந்தால், கையேட்டில் சொன்னபடி புறவழிச்சாலையில் சீரான வேகத்தில் விளக்கு அணையும் வரை ஓட்டுங்கள். பெரும்பாலும் 15, 20 நிமிடங்கள் போதும். எரிப்பு பலமுறை பாதியில் நின்றிருந்தால் எரியாத டீசல் இன்ஜின் ஆயிலில் கலந்திருக்கும். டிப்ஸ்டிக்கில் ஆயில் அளவு ஏறியிருந்தால் ஆயிலை உடனே மாற்ற வேண்டும். டிபிஎஃப்பை வெட்டி எடுத்துவிட்டு மென்பொருளை மாற்றித் தருகிறோம் என்பவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து உடன்படாதீர்கள். சட்டப்படி தவறு. நம் பிள்ளைகள் சுவாசிக்கும் காற்றிலும் அந்தக் கரி கலக்கும்.

பெட்ரோல் வண்டிக்காரர்கள் ஒன்றை நினைவில் வையுங்கள். செக் இன்ஜின் விளக்கு நிலையாக எரியாமல் மினுக்கினால், சிலிண்டரில் பெட்ரோல் எரியாமல் வெளியேறுகிறது என்று அர்த்தம். அது புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரில் போய் எரிந்து அதையே பாழாக்கிவிடும். வேகத்தைக் குறைத்து, முடிந்த சீக்கிரம் நிறுத்துங்கள். சிவப்பு ஆயில் விளக்கோ சிவப்பு வெப்ப விளக்கோ எரிந்தால் இரண்டாவது யோசனையே வேண்டாம், உடனே ஓரமாக நிறுத்தி இன்ஜினை அணைத்துவிடுங்கள்.

ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நாலைந்து கோடுகள் ஒரே நேரத்தில் வந்தால் நான் முதலில் பார்ப்பது பேட்டரி, எர்த் இணைப்பு, எலி கடித்த வயர். நாலைந்து சென்சார்கள் சேர்ந்து ஒரே நாளில் கெட்டுப்போவது மிக அரிது.

கடைக்குப் போகும்போது விளக்கு எப்போது வந்தது, ஏற்றமா சமதரையா, ஏசி ஓடியதா, எத்தனை பேர் இருந்தார்கள், கடைசியாக எந்தப் பங்கில் எரிபொருள் போட்டீர்கள் என்று சொல்லுங்கள். கோட் எண்ணையும் ஃப்ரீஸ் ஃப்ரேமையும் அழிப்பதற்கு முன் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பாகம் மாற்றச் சொன்னால், எந்தச் சோதனையில் அது கெட்டதாகத் தெரிந்தது என்று கேளுங்கள். "கோட் அப்படித்தான் காட்டுது" என்பது பதில் ஆகாது.

வேலை முடிந்ததும் பழுது வந்த அதே நிலையில் ஓட்டிப் பார்க்க வேண்டும். மலையில் வந்த பழுதை ஒர்க்‌ஷாப்பைச் சுற்றி ஒரு ரவுண்டு அடித்து உறுதிசெய்ய முடியாது. கோட் அழித்ததும் கணினியின் சுயபரிசோதனைகளும் முதலிலிருந்து தொடங்கும். அவை முடிந்தனவா இல்லையா என்பது ஸ்கேனர் திரையில் தெரியும். முடியாமல் இருந்தால் சில நாள் வழக்கம்போல ஓட்டிவிட்டு, திரும்பக் கொண்டுபோய் அந்தத் திரையைக் காட்டச் சொல்லிப் பாருங்கள்.