விசில் சத்தமும் மாமான்ரை கையும்

கிளிநொச்சியிலை இருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார்: "மாமாட்டை லைசன்ஸ், இன்சூரன்ஸ் எல்லாம் இருக்கு, ஆனா பொலிஸ் விசிலடிச்சா மோட்டச்சைக்கிளை ஒழுங்கைக்கை விட்டிடுறார், முந்தி ஒருக்கா றோட்டிலை வச்சு அடிச்சவங்களாம். 9 வருசமாச்சு. இது பயந்தாங்கொள்ளித்தனமோ?"

இல்லைத் தம்பி. காதாலை போற சத்தம் மூளைக்கு நடுவிலை சந்தி மாதிரி இருக்கிற தலமசிலை ரெண்டாப் பிரியும், ஒண்டு குறுக்கு ஒழுங்கையாலை நேர பயத்தைக் கிளப்பிற அமிக்டலாவுக்கு, மற்றது யோசிச்சு விளங்கிற பெருமூளைப் புறணியைச் சுத்திக்கொண்டு அங்கை போகும். எலியிலை அளந்தா குறுக்கு வழிக்கு 12 மில்லிசெக்கனளவு, மற்றதுக்கு கிட்டத்தட்ட இரட்டிப்பு. அதாலை "சும்மா லைசன்ஸ் செக்கிங்தான்" எண்டு விளங்க முதலே உடம்புக்குப் பய மணி அடிச்சிடும், பிறகு அட்ரினலின் பாயும், கையும் வேர்க்கும்.

எனக்குப் பிடிச்ச இடம் இனித்தான். பயம் பதிஞ்சா லேசிலை அழியாது! பத்துத்தரம் விசில் கேட்டு ஒண்டும் நடக்காட்டி குறையும், ஆனா மூளை பழசை அழிக்கேல்லை, பக்கத்திலை "இப்ப பயமில்லை" எண்டு புதுசா ஒண்டைப் படிச்சு மூளையின்ரை முன்பக்கத்தாலை பழசை அமத்திப் பிடிச்சிருக்குது, அதுவும் படிச்ச இடத்திலைதான் வடிவா வேலை செய்யும். டவுண் சந்தியிலை சிரிச்சுக்கொண்டு நிக்கிற மாமாவுக்கு மாங்குளத்திலை அதே விசில் கேட்டா கை நடுங்கலாம். பழசு அழியாது எண்டதை ரஷ்ய விஞ்ஞானி பாவ்லோவும் கண்டவர், சத்தத்தோடை சாப்பாடு குடுத்துப் பழக்கின நாய்க்கு, பிறகு சாப்பாடு குடுக்காமச் சத்தத்தை மட்டும் கேக்கப்பண்ணினா எச்சில் நிண்டிடும், கொஞ்சம் பொறுத்துக் கேக்கப்பண்ணினா திரும்ப ஊறும்.

2017இலை பால்டிமோர், நியூயோர்க் சனம் 1,000 பேரிட்டைக் கேட்ட ஆய்விலை, பொலிஸ் வன்முறைக்கு ஆளானவையிட்டை மன உளைச்சலும் தற்கொலை எண்ணமும் மற்றவையை விடக் கூடவா இருந்தது, அடி உதை எண்டா தொடர்பு இன்னும் இறுக்கம். ஒருக்காத்தான் கேட்டவை, அதாலை இதாலைதான் அது வந்தது எண்டு அடிச்சுச் சொல்லேலாது. இப்பிடி ஒண்டை வன்னியிலையும் வருசா வருசம் செய்யக் காசு ஒதுக்கோணும் எண்டுறது என்ரை கருத்து. போராலை வந்த வன்னியின்ரை மனக்காயம் தனியாளோடை நிக்கேல்லை, குடும்பம், ஊர் எண்டு பரவினது எண்டு மனநல வைத்தியர் தயா சோமசுந்தரம் 2010இலையே எழுதினவர்.

அம்மம்மா "பயந்திட்டான், நூல் கட்டுங்கோ" எண்டுவா. கட்டுங்கோ, முறிகண்டியிலை நானும் தேங்காய் உடைக்கிறனான். ஆனா ஆஸ்பத்திரி மனநலக் கிளினிக்குக்கும் கூட்டிக்கொண்டு போங்கோ, அங்கை பயத்தைக் கொஞ்சங்கொஞ்சமா, வேற வேற இடத்திலை வச்சுப் பழக்குவினம். மாங்குளத்திலையும் கை நடுங்காம நிக்க அதுதான் வழி. இடையிலை எவனாவது திரும்பக் கை வச்சானெண்டா, அமத்தி வச்ச பழைய பயம் கெதியாத் திரும்பி வரலாம்.