கோவாவை அரிந்ததும் அடுப்பில் போடாதீர்கள்

பச்சைக் கோவாவை (முட்டைக்கோசை) மெல்லிசாக அரியும்போது லேசான காரம் ஒன்று மூக்கில் ஏறும். கடுகு அரைக்கும்போது வருமே, அதே காரம்தான். இரண்டுக்கும் காரணம் ஒரே பொருள்: அல்லைல் ஐசோதயோசயனேட்.

முழுக் கோவாவில் அந்தப் பொருள் அநேகமாக இருக்காது. இலைக்குள் கந்தகச் சேர்மம் ஓரிடத்தில் இருக்கும், மைரோசினேஸ் என்ற நொதியம் வேறிடத்தில் இருக்கும். புழு கடித்தால் கலங்கள் உடைந்து இரண்டும் கலக்கும், காரம் பிறக்கும். கந்தப்பளைத் தோட்டத்தில் கோவா தன்னைக் காத்துக்கொள்வது இப்படித்தான். நம் கத்தியும் அதற்கு ஒரு புழுதான்.

இந்தக் காரக் குடும்பத்தில் பெயர் பெற்றது சல்ஃபோராபேன். 1992இல் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் போல் டலலேயின் குழுவினர் அதை புரொக்கோலியிலிருந்து பிரித்தெடுத்தார்கள். நம் கலங்களில் என்ஆர்எஃப்2 என்றொரு புரதம் கட்டுண்டு கிடக்கிறது. சல்ஃபோராபேன் அந்தக் கட்டை அவிழ்த்துவிடும். அவிழ்ந்த புரதம் கலத்தின் கருவுக்குள் போய், நச்சை நீரில் கரையவைக்கும் நொதியங்களைக் கூடுதலாக உண்டாக்கச் செய்யும். கரைந்த நச்சு சிறுநீரோடு போய்விடும். சீனாவின் சிடொங்கில் 291 பேர் பங்கெடுத்த ஓர் ஆய்வில், ஒரு பகுதியினர் புரொக்கோலி முளைப் பானத்தை 12 வாரம் குடித்தார்கள். புற்றுநோயை உண்டாக்கும் பென்சீன், குடிக்காதவர்களைவிட 61 வீதம் கூடுதலாக வெளியேறியது. நம் லயத்து விறகடுப்புப் புகையிலும் பென்சீன் இருக்கிறது.

சரி, சமையலுக்கு வருவோம். கொதிக்கும் தண்ணீரில் போட்டால் நொதியம் செத்துவிடும், சேர்மமும் தண்ணீரோடு போய்விடும். மிச்சத்தைக் குடல் பற்றீரியாக்கள் ஓரளவு மாற்றித் தரும், ஆனால் குறைவாகத்தான். அதனால் கழுவிவிட்டு அரியுங்கள். அரிந்ததை அரைமணி நேரம் அப்படியே வைத்துவிட்டு, அப்புறம் சட்டென்று சுண்டல் செய்து இறக்குங்கள். இறக்கியபின் பச்சையாக அரைத்த கடுகு கொஞ்சம் சேர்த்தால் இன்னும் நல்லது, கடுகிலும் அந்த நொதியம் உண்டு. எண்ணெயில் வெடித்த கடுகுக்கு அந்தச் சக்தி கிடையாது.

இதையெல்லாம் மாத்திரையாக விழுங்கலாமே என்று நினைக்க வேண்டாம். கரட்டில் உள்ள பீற்றா கரோட்டினைப் பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்களுக்கு மாத்திரையாகக் கொடுத்துப் பார்த்தார்கள். 29,133 பேர் பங்கெடுத்த அந்த ஆய்வின் முடிவு 1994இல் வந்தது: மாத்திரை எடுத்தவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 வீதம் கூடியிருந்தது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கோவாவும் கடுகும் எவ்வளவு சாப்பிட்டாலும், கொழுந்து பறிக்கும்போது வாயில் அடக்கிவைக்கும் வெற்றிலை பாக்கு செய்யும் கெடுதலை அது ஈடுகட்டாது. பாக்கு புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் உறுதியாக அறிவித்துவிட்டது. புகையிலை சேர்க்காமல் போட்டாலும் அப்படித்தான். பாக்கிலுள்ள அரிக்கோலின் கன்னத்தின் உட்சதையில் நாரைச் சேர்த்துக்கொண்டே போகும். சதை விறைக்கும், காரம் பட்டால் எரியும், வாய் திறக்காது. உங்கள் வீட்டு அம்மாயியை வாயை நன்றாகத் திறக்கச் சொல்லிப் பாருங்கள். அவருடைய மூன்று விரல்கள் மேலும் கீழுமாக உள்ளே போகவில்லை என்றால், இந்த வாரமே பல் வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போங்கள்.