கால்கட்டு போட்டால் குடி நிற்காது

இந்த மாதத்தில் இது மூன்றாவது. மாப்பிள்ளைக்கு 27 வயது. தாலி கட்டிய மறுநாள் காலை வலிப்பு. மருதாணி கூட மங்காத கையோடு அந்தப் பெண் அவசரப் பிரிவு வாசலில் நிற்கிறாள். "பொண்ணு வந்த நேரம்" என்று யாரோ அவள் காதுபடவே சொல்லியிருக்கிறார்கள்.

நேரமெல்லாம் இல்லை. காதலித்தவள் பிரிந்துபோன பிறகு மூன்று வருடமாகத் தினமும் குவார்ட்டர், அப்புறம் ஆஃப். கல்யாணத்துக்கு முதல் நாளோடு சட்டென்று விட்டிருக்கிறான். தினமும் குடிக்கிறவர் திடீரென்று நிறுத்தினால் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். அடுத்து இல்லாத உருவங்கள் தெரியலாம், நினைவு தடுமாறலாம், உயிரே போகலாம். "மனசு வெச்சா விட்டுடலாம்" என்பவர்களே, அவன் மனசு வைத்துத்தான் விட்டான்.

பெண் வீட்டில் சொன்னீர்களா என்று அவன் அம்மாவிடம் கேட்டேன். "ஒரு கால்கட்டு போட்டா சரியாயிடுவான்னு நெனச்சோம் டாக்டர்."

எப்படிச் சரியாகும்? ஒருத்தி போனதால் குடித்தான், இன்னொருத்தி வந்தால் விட்டுவிடுவான் என்பது உங்கள் கணக்கு. துக்கத்தில் தொடங்கியவன் இப்போது கை நடுக்கம் நிற்பதற்காகக் குடிக்கிறான். தூக்கத்துக்கென்று குடித்தவன் விடிகாலை மூன்று மணிக்கே விழித்துக்கொள்கிறான். மனச்சோர்வை அந்தக் குடியே வளர்க்கிறது. இதில் மனைவி என்ன செய்வாள்? விவரமே சொல்லாமல் அவளை நர்ஸாக்கிவிடுகிறீர்கள். சில மாதத்தில் அவள் பெயரிலும் ஒரு ஓ.பி. சீட்டு. இப்படி எத்தனை பெண்களைப் பார்த்துவிட்டேன்!

முதலில் சிகிச்சை. குடியை மருத்துவரின் கண்காணிப்பில் நிறுத்துங்கள். மனச்சோர்வையும் சேர்த்தே கவனிக்க வேண்டும். மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது, காசு வாங்கமாட்டார்கள். குடியை விடவைக்கும் மாத்திரையை அவனுக்குத் தெரியாமல் சாம்பாரில் கலக்கவே கலக்காதீர்கள். அது தெரியாமல் அவன் குடித்தால் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகும். (எவ்வளவு குடிப்பாய் என்று உறவினர்கள் முன்னால் நான் கேட்பதில்லை. பாதிதான் சொல்வார்கள். நீங்களும் தனியாகக் கேளுங்கள்.)

நண்பர்களுக்கும் ஒன்று. லவ் ஃபெயிலியர் என்று வருகிறவனுக்கு பாட்டில் வாங்கித் தராதீர்கள். சாகலாம் போலிருக்கிறது என்று சொன்னால், போதையில் உளறுகிறான் என்று விட்டுவிடாதீர்கள். போதை ஏறினால் தன்னைத் தடுத்துக்கொள்ளும் நிதானம் போய்விடும். அன்று ராத்திரி அவன் பக்கத்திலேயே படுங்கள். அரசின் மனநல உதவி எண் 14416-க்குக் கூப்பிடுங்கள், தமிழிலேயே பேசுவார்கள், நடுராத்திரியானாலும் எடுப்பார்கள். விடிந்ததும் கையோடு கூட்டிக்கொண்டு வாருங்கள்.