அது மருந்து இல்லீங்க கண்ணு, மஞ்சள்

ஈரோட்டுப் பக்கத்து அம்மா ஒருவர். அறுபதைத் தாண்டிய வயது. இதயத்தில் மைட்ரல் வால்வை எடுத்துவிட்டு உலோக வால்வு வைத்துப் பல வருஷம் ஆகிறது. அந்த வால்வில் ரத்தம் உறைந்துவிடக் கூடாது என்பதற்காகத் தினமும் சாயங்காலம் அசினோகூமரால் மாத்திரை போடுகிறார். எங்கள் பக்கத்தில் ‘ரத்தம் இளக்குற மாத்திரை’ என்றால்தான் புரியும். மாதாமாதம் வந்து ஐ.என்.ஆர். பார்த்துக்கொள்வார். ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்பதைக் காட்டும் எண் அது. அவருக்கு 2.5-க்கும் 3.5-க்கும் நடுவில் இருக்க வேண்டும், இருந்தும் வந்தது. ஒரு மாதம் திடீரென்று 7-ஐத் தாண்டிவிட்டது. (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

பல் தேய்க்கும்போது ஈறில் ரத்தம் வருகிறது என்றார். வளையலுக்குச் சற்று மேலே, எங்கேயும் இடித்துக்கொண்ட ஞாபகம் இல்லாமலே, மூன்று இடத்தில் கன்றிப்போய் நீலம் பாய்ந்திருந்தது.

நான் கிளினிக்கல் பார்மசிஸ்ட். இந்த மாதிரி நேரத்தில் டாக்டர் எங்களைக் கூப்பிடுவார். மாத்திரையை மறந்துபோய் இரண்டு தடவை போட்டாரா, ஆன்டிபயாடிக் சாப்பிட்டாரா, வலி மாத்திரை போட்டாரா, பேதியா, சாப்பாடு குறைந்ததா என்று வரிசையாகக் கேட்டேன். எல்லாவற்றுக்கும் இல்லை. “வேற ஏதாவது மருந்து?” “ஒண்ணும் இல்லீங்க கண்ணு.”

கூட வந்த மருமகள்தான் இழுத்தார். “மூட்டு வலிக்குன்னு அவரு ஆன்லைன்ல ஒண்ணு வாங்கிக் குடுத்தாருங்களே அத்தை…”

“அது மருந்து இல்லீங்க கண்ணு, மஞ்சள்.”

மஞ்சள் டப்பா பையிலேயே இருந்தது. ஆரஞ்சு நிற மூடி, உள்ளே அறுபது கேப்சூல். ஆறு வாரமாகக் காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று. லேபிளைத் திருப்பிப் பார்த்தேன். ஒரு கேப்சூலில் 500 மில்லிகிராம் மஞ்சள் சாறு, அதில் 95 சதவீதம் குர்குமினாய்டுகள், அதாவது மஞ்சளின் வீரியமான குர்குமினும் அதன் வகைகளும். கூடவே மிளகுச் சாறு. கீழே பொடி எழுத்தில் உணவு ஆணையத்தின் 14 இலக்க உரிம எண், ‘மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல’ என்ற வாசகம். முன்பக்கத்தில் முட்டியைப் பிடித்துக்கொண்டு ஒருவர் சிரிக்கிற படம்.

இங்கே ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நம் ஊர் மஞ்சளில் குர்குமின் சுமார் 3 சதவீதம். ஒரு கேப்சூலில் 475 மில்லிகிராம் என்றால், அதைச் சமையல் மஞ்சளில் எடுக்கக் கிட்டத்தட்ட 16 கிராம் தூள் வேண்டும். இரண்டு கேப்சூலுக்கு 32 கிராம், பத்து டீஸ்பூனுக்கு மேல். எந்த வீட்டுக் குழம்பில் அவ்வளவு விழுகிறது? மஞ்சளை நாம் ஆயிரம் வருஷமாகச் சாப்பிடுகிறோம் என்பது சரிதான். ஆனால் இந்த அளவில், இந்த வடிவத்தில் யாரும் சாப்பிட்டதில்லை.

சரி, மிளகு எதற்கு? குர்குமினை விழுங்கினால் ரத்தத்தில் சேருவது சொற்பம். குடலும் ஈரலும் அதை வேகமாக மாற்றி வெளியே தள்ளிவிடும். 1998-இல் பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் தன்னார்வலர்களுக்கு 2 கிராம் குர்குமினோடு மிளகிலுள்ள பைப்பரின் 20 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்தார்கள். உடலுக்குக் கிடைத்த குர்குமின் சுமார் இருபது மடங்கு ஆனது. இன்றைக்கு விற்கிற மஞ்சள் கேப்சூல்கள் பலவற்றிலும் மிளகு இருப்பதற்கு அந்த ஆய்வுதான் மூல காரணம். விளம்பரத்தில் அதைப் பெருமையாகவே போடுகிறார்கள்.

அவர்கள் போடாத பாதி ஒன்று உண்டு. பைப்பரின் குர்குமினுக்கு மட்டும் கதவைத் திறந்துவிட்டு மற்றவற்றை வெளியே நிறுத்துவதில்லை. பல மாத்திரைகளைச் சிதைக்கிற ஈரல் நொதியையும், மருந்தைக் குடலுக்கே திருப்பி அனுப்புகிற புரதத்தையும் அது மந்தப்படுத்துகிறது. இதை நல்லதற்குப் பயன்படுத்தியவர்களும் இருக்கிறார்கள். ஜம்முவிலுள்ள சி.எஸ்.ஐ.ஆர். ஆய்வகமும் கடிலா நிறுவனமும் சேர்ந்து ஒரு காசநோய் மாத்திரை கொண்டுவந்தன. வழக்கமாக 450 மில்லிகிராம் கொடுக்கிற ரிஃபாம்பிசினை, 10 மில்லிகிராம் பைப்பரின் சேர்த்து 200 ஆகக் குறைத்தார்கள். அளந்து, சோதித்து, அனுமதி வாங்கிச் செய்தால் அது மருத்துவம். பையன் செல்போனில் ஆர்டர் போட்டால் அதே வேலை கணக்கில்லாமல் நடக்கிறது.

உடனே மிளகு ரசத்தை நிறுத்திவிடாதீர்கள். 10 மில்லிகிராம் பைப்பரின் என்பது நாலைந்து மிளகில் இருப்பதுதான். இங்கே சிக்கல், செறிவூட்டிய குர்குமினும் அதை உள்ளே தள்ளிவிடும் பைப்பரினும் ஒரே கேப்சூலில் தினமும் இரண்டு வேளை போவது. அதிலும், கொஞ்சம் கூடினாலோ குறைந்தாலோ ஆபத்தாகிற ஒரு மாத்திரையின் பக்கத்தில் போவது. குர்குமினுக்கே ரத்தத் தட்டணுக்கள் ஒட்டிக்கொள்வதைக் குறைக்கும் குணம் ஆய்வகத்தில் காணப்பட்டிருக்கிறது. வார்ஃபரின் என்ற, அதே மாதிரி ரத்தம் இளக்கும் மாத்திரையைச் சாப்பிட்டுவந்த நியூசிலாந்து நோயாளி ஒருவர் மஞ்சள் சப்ளிமென்ட் ஆரம்பித்த பிறகு அவருடைய ஐ.என்.ஆர். 10-க்கு மேல் போனது. 2018-இல் அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அதைச் சொல்லியே எச்சரிக்கை வெளியிட்டது. அந்த ஈரோட்டு அம்மாவின் கதையும் கிட்டத்தட்ட அதுதான்.

மூலிகை என்றால் எப்போதும் மருந்தின் வேகத்தைக் கூட்டும் என்று நினைக்க வேண்டாம், தலைகீழாகவும் நடக்கும். மன அழுத்தத்துக்கு மேல்நாடுகளில் கடையில் கிடைக்கும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகை ஈரல் நொதிகளை முடுக்கிவிடும். போட்ட மாத்திரை வேலை செய்வதற்குள் கரைந்துபோகும். சூரிச்சில் இதய மாற்று அறுவை செய்துகொண்ட இருவருக்கு, நிராகரிப்பைத் தடுக்கும் மருந்தான சைக்ளோஸ்போரின் இதனால் ரத்தத்தில் இறங்கி, உடல் புது இதயத்தை நிராகரிக்கத் தொடங்கியதாக 2000-இல் ஆய்விதழில் வந்தது. எய்ட்ஸ் மருந்தான இண்டினாவிர் பாதிக்கு மேல் குறைந்ததும் அதே வருஷம் தெரியவந்தது.

எங்களிடம் வருகிற பைகளில் இருப்பது பெரும்பாலும் உள்ளூர்ச் சரக்கு. முருங்கைக்கீரைப் பொடி: வைட்டமின் கே நிறைந்தது, ரத்தம் இளக்கும் மாத்திரையை எதிர்த்து நிற்கும். அதிமதுரம்: ரொம்ப நாள் சாப்பிட்டால் பொட்டாசியத்தை இறக்கி ரத்த அழுத்தத்தை ஏற்றும், நீர் பிரிய மாத்திரை போடுகிறவருக்கு இரட்டை நஷ்டம். அமுக்கரா: தைராய்டு ஹார்மோனைக் கூட்டக்கூடும். சீந்தில்: கொரோனா காலத்தில் குடித்து ஈரல் பாதித்த ஆறு பேரைப் பற்றி மும்பை மருத்துவர்கள் எழுதினார்கள். அது சீந்தில்தானா அல்லது அதே இனத்து வேறு கொடியா என்று ஆயுஷ் அமைச்சகம் கேட்டது. அந்தக் கேள்வியே எனக்குக் கவலையாக இருக்கிறது. கொடியை அடையாளம் காண்பதிலேயே சந்தேகம் வரும் என்றால், பாக்கெட்டில் பொடியாக வருவதை வீட்டில் எப்படிக் கண்டுபிடிப்பது?

நான் சித்த மருத்துவத்துக்கு எதிரி இல்லை. ஒரு சித்த மருத்துவர் நாடி பார்ப்பார், என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்பார், பத்தியம் சொல்வார், இத்தனை நாள் என்று கணக்கு வைப்பார். இந்த டப்பாவில் அந்த மருத்துவர் இல்லை. உரிமம் உணவுக்கு, படம் முட்டி வலிக்கு. இடையில் யாரும் இல்லை.

தப்பு என் கேள்வியிலும் இருந்தது. ‘மருந்து’ என்று கேட்டால் மஞ்சளும் பொடியும் கஷாயமும் பதிலில் வராது. இப்போது வேறு மாதிரி கேட்கிறேன்: காலையில் வெறும் வயிற்றில் என்ன குடிக்கிறீங்க? மூட்டுக்கு என்ன பண்றீங்க? பிள்ளைங்க என்ன வாங்கிக் குடுத்தாங்க? நீங்கள் வரும்போது வீட்டில் இருப்பதையெல்லாம், டப்பாவோடு, ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள். வார்ஃபரின், அசினோகூமரால், டிகாக்சின், ஃபெனிடாயின், லித்தியம் போடுகிறவர்களும், உறுப்பு மாற்று செய்துகொண்டவர்களும் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும். அறுவை சிகிச்சைக்குத் தேதி குறித்திருந்தால் குறைந்தது இரண்டு வாரம் முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.

அப்புறம், இதைப் படித்துவிட்டு இன்றைக்கே டப்பாவைத் தூக்கி எறிய வேண்டாம். நீங்கள் சொல்லாமல் சாப்பிட்டு வந்ததை வைத்தே டாக்டர் உங்கள் மாத்திரை அளவைச் சரிசெய்திருக்கலாம். சொல்லாமல் நிறுத்தினால் ஐ.என்.ஆர். கீழே போகும். உலோக வால்வு உள்ளவருக்கு அது கூடுவதைவிடக் கொடுமை, வால்வே அடைத்துக்கொள்ளும். ஆரம்பிப்பதைப் போலவே நிறுத்துவதையும் சொல்லிவிட்டுத்தான் செய்ய வேண்டும்.

அந்த அம்மாவுக்கு இரண்டு நாள் மாத்திரையை நிறுத்தி, கேப்சூலையும் நிறுத்தி, நாள் விட்டு நாள் ரத்தம் பார்த்தோம். அடுத்த மாதம் 2.9.

“அப்ப கொழம்புல மஞ்சள் போடலாமுங்களா?”

தாராளமாகப் போடலாம் என்றேன். சிரித்துவிட்டார். “நாங்க வெளைய வெச்சு மண்டியில போட்டதை, டப்பால அடைச்சு எங்களுக்கே வித்துருக்கான் பாருங்க.”

எழுந்து போகும்போது மருமகள் மட்டும் நின்றார். “அவருக்குச் சக்கரைக்கு மாத்திரை இருக்குதுங்க. கூடவே தெனமும் சிறுகுறிஞ்சான் பொடி கலக்கிக் குடுக்கறேன். பதினொரு மணிக்கு மேல கை நடுங்குது, வேர்க்குதுங்கறாரு. அதையும் சொல்லணுமுங்களா?”

உட்காரச் சொன்னேன்.