ஓதம் ஏறிய சுவருக்குப் பேனல் அடிக்கச் சொல்லாதீர்கள்

ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்து தை பிறந்துவிட்டால் எங்களைப் போல உள்ளலங்கார வேலை செய்பவர்களுக்கு ஒரே மாதிரி அழைப்புதான். "பெட்ரூம்ல ஏதோ வாடை வருது சார், பேனல் போட்டு ரெண்டு வருஷம்கூட ஆகல." கட்டிலின் தலைமாட்டில் இரண்டு பேனலைக் கழற்றினால் போதும். பின்னால் சுவர் கறுத்துக் கிடக்கும். பேனலைத் தாங்கும் ரீப்பர் கட்டை, விரல் பட்டாலே பிய்ந்து வரும். பக்கத்து அலமாரியின் பின்பலகை உப்பிப்போய் தோல் தோலாக உரியும். இத்தனைக்கும் அது ஓதம், அதாவது ஈரம், ஏறிய சுவர் என்று வீட்டில் எல்லோருக்கும் முன்பே தெரியும். தெரிந்துதான் மறைத்திருக்கிறார்கள்.

"பிவிசி பேனல் வாட்டர்ப்ரூஃப்தானே?" பேனல் வாட்டர்ப்ரூஃப்தான், யார் இல்லையென்றது? அது நனையாது, அவ்வளவுதான். சுவர் நனைவதை அது தடுக்காது. தண்ணீர் வருவது குளியலறைத் தரையிலிருந்தோ, மொட்டைமாடியிலிருந்தோ, வெளிச்சுவர் விரிசலிலிருந்தோ. நீங்கள் உள்ளே எதை ஒட்டினீர்கள் என்று பார்த்துவிட்டா அது வரப்போகிறது? பேனல் இல்லாதபோது ஃபேன் காற்றில் கொஞ்சமாவது காய்ந்துகொண்டிருந்த சுவர், இப்போது அந்த வழியும் அடைபட்டு ஊறிக்கொண்டே இருக்கும். ஈரம் இன்னும் மேலே ஏறும், இல்லையென்றால் அடுத்த அறையில் தலைகாட்டும்.

வால்பேப்பர் இதைவிட மோசம். அதை ஒட்டும் பசையே பூஞ்சாணத்துக்குத் தீனி. மரநாரை அழுத்திச் செய்த எம்டிஎஃப் பலகை ஒருமுறை உப்பினால் காயவைத்தாலும் பழைய கனத்துக்குத் திரும்பாது. உள்பக்கம் வாட்டர்ப்ரூஃப் பெயிண்ட் அடித்தால் நின்றுவிடும் என்பது இன்னொரு நம்பிக்கை. ஈரம் பின்னாலிருந்து தள்ளும்போது அந்தப் பூச்சு கொப்பளித்து, பட்டியோடு (வால் புட்டி) சேர்ந்து ஏடாகப் பெயர்ந்து வரும். அப்புறம் பட்டி. அது சுவரை மழமழப்பாக்க வந்த பொருள். இரண்டு கோட்டும் சேர்த்து ஒன்றரை மில்லிமீட்டர் கனம்தான் அதன் கணக்கு. அரை அங்குலப் பள்ளத்தைப் பட்டியால் அடைத்துவிட்டு விழுந்துவிட்டதே என்றால் எப்படி? பள்ளத்துக்குச் சிமெண்ட் பூச்சுதான்.

எங்கள் ஆட்களிடமும் குற்றம் உண்டு. பேனலுக்குச் சதுர அடிக் கணக்கில் கூலி உண்டு. கசிவைத் தேடிக் கண்டுபிடிக்க அப்படிக் கணக்கு எதுவும் கிடையாது. அதனால் "மறைச்சிடலாம் மேடம்" என்று சொல்வது எல்லோருக்கும் சுலபமாக இருக்கிறது.

ஆகவே, நிற அட்டையைப் புரட்டுவதற்கு முன் சுவரைப் பாருங்கள். கறை இருக்கும் இடமே பாதியைச் சொல்லிவிடும். தரையிலிருந்து மூன்றடி வரை என்றால் தரைத்தளத்தில் மண்ணிலிருந்து ஏறும் ஓதமாக இருக்கலாம். மறுபக்கம் குளியலறை இருந்தால் அதன் தரையும் டைல்ஸ் இடுக்கும்தான் முதல் சந்தேகம். கூரையை ஒட்டி என்றால் மொட்டைமாடி, கைப்பிடிச்சுவர் மூட்டு, மேல் வீட்டுக் குளியலறை. ஜன்னலின் கீழ் மூலை என்றால் வெளி விளிம்பின் சரிவு. மழை இல்லாத மாதத்திலும் காயாமல் நடுச்சுவரில் ஒரு திட்டு நின்றால், சுவருக்குள் ஓடும் பைப் மூட்டைச் சந்தேகப்படுங்கள்.

உறுதியாகத் தெரியாதபோது ஒன்றரை அடிச் சதுரத்தில் கனமான பாலித்தீன் தாளைச் சுவரில் வைத்து, நான்கு ஓரமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டி ஒருநாள் விடுங்கள். தாளின் சுவர்ப்பக்கம் வியர்த்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. அறைப்பக்கம் வியர்த்திருந்தால் அது அறைக்காற்றின் ஈரம். ஏசி அறையில் அதுவும் நடக்கும். குளியலறைமேல் சந்தேகம் என்றால், தரைப் போக்குக் குழாயை அடைத்து இரண்டு அங்குலம் தண்ணீர் தேக்கி 24 மணி நேரம் நிறுத்திப் பாருங்கள்.

கசிவை நிறுத்துவதோடு வேலை முடியாது. கறை தெரியும் எல்லைக்கு மேல் ஓரடி வரை உப்புப் பூத்த பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டுப் புதிதாகப் பூச வேண்டும். உப்பை விட்டுவைத்தால் அதுவே காற்றின் ஈரத்தை இழுக்கும். புதுப் பூச்சு 28 நாள் ஆன பிறகும் அதே பாலித்தீன் சோதனை, அதன் பிறகுதான் பட்டி, பிரைமர். கிரகப்பிரவேசத் தேதியைக் காட்டி இதைச் சுருக்கச் சொல்லாதீர்கள். சுவருக்குப் பஞ்சாங்கம் தெரியாது.

ஒரு விஷயத்தைக் கெஞ்சிக் கேட்கிறேன். கறுத்த பூஞ்சாணத்தைக் காய்ந்த துடைப்பத்தால் தட்டாதீர்கள். குழந்தைகளையும் இழுப்பு உள்ளவர்களையும் வெளியே அனுப்பி, ஜன்னலைத் திறந்து, மாஸ்க் போட்டு, ஈரத்துணியால் துடையுங்கள். ப்ளீச்சிங் பவுடர் கரைசலோடு கழிவறைக்கு வாங்கிய ஆசிட்டைக் கலக்கவே கலக்காதீர்கள். வருவது குளோரின் வாயு. பூட்டிய படுக்கையறையில் அது ஆளைச் சாய்த்துவிடும். ஓதச் சுவரில் சுவிட்ச் போர்டு இருந்தால் முதலில் மெயினை அணைத்து எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். மழைநாளில் ஆர்சிசிபி (மின்கசிவு கண்டால் கரண்டை நிறுத்தும் சுவிட்ச்) அடிக்கடி விழுந்தால், "தொந்தரவு பண்ணுது" என்று அதை விட்டுவிட்டு லைனை நேரடியாக இணைக்கச் சொல்லும் புத்திசாலித்தனமும் வேண்டாம்.

சுவர் சரியென்றால் மற்றதெல்லாம் அளவுதான். கடைக்குப் போகும் முன் தரையில் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். கிங் சைஸ் மெத்தை 72க்கு 78 அங்குலம். கட்டில் சட்டம் சேர்ந்தால் நாலாபுறமும் இன்னும் சில அங்குலம் கூடும். அலமாரி ஆழம் 24 அங்குலம். கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவே இரண்டரை அடி இல்லையென்றால், கதவைத் திறந்துவிட்டு நீங்கள் நிற்க இடம் இருக்காது. 10க்கு 10 அறையில் கிங் கட்டிலும் வேண்டும், பக்கத்தில் திறக்கும் கதவு அலமாரியும் வேண்டும் என்றால் பிளானில் நாங்கள் மாயம் செய்ய முடியாது. நகரும் கதவு போடுங்கள், அல்லது 60 அங்குலக் கட்டிலோடு நில்லுங்கள்.

சுவிட்ச் இடங்களை இந்த டேப் கோட்டைப் பார்த்துக் குறியுங்கள். பெயிண்ட் முடிந்தபின் "இங்க ஒரு பாயிண்ட்" என்றால் சுவரை வெட்டத்தான் வேண்டும். ஏசிக்குத் தனி லைன், 4 சதுர மில்லிமீட்டர் ஒயர். அலமாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்ட பிளக் பாயிண்ட் எத்தனையோ வீடுகளில் உண்டு.

ஃபால்ஸ் சீலிங் ஆசை இருந்தால் ஃபேனை முதலில் நினையுங்கள். அதன் எடையை கான்கிரீட் தளத்துக் கொக்கிதான் தாங்க வேண்டும், ஜிப்சம் பலகையைத் தாங்கும் சேனல் அல்ல. இறக்கைக்கும் சீலிங்குக்கும் நடுவே ஓரடியாவது இருந்தால்தான் காற்று வரும். தரையிலிருந்து இறக்கை எட்டடிக்குக் கிட்ட இருக்கட்டும். பத்தடி அறையில் எட்டு அங்குலம் இறக்கினால் கணக்கு சரியாக வரும். ஒன்பதடி அறைக்கு நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

நிறத்தை அட்டையில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். சுவரிலேயே இரண்டடிச் சதுரம் அடித்துக் காலையிலும், இரவில் உங்கள் பல்பு வெளிச்சத்திலும் பாருங்கள். 6500 கெல்வின் வெள்ளை வெளிச்சத்தில் சந்தன நிறம் சோகை பிடித்த மாதிரி தெரியும். 3000 கெல்வினில் அதுவே இதமாக இருக்கும். கடைசிக் கோட்டை மரவேலை முடிந்த பிறகு அடியுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் பேனல் வேண்டுமென்றால் காய்ந்த சுவரில் தாராளமாக அடிக்கலாம். மரக்கட்டைக்குப் பதில் அலுமினிய சேனல் போடச் சொல்லுங்கள். மேலும் கீழும் அரை அங்குலம் காற்றுக்கு விடுங்கள். குளியலறைப் பக்கத்துச் சுவரில் ஓரப் பேனல் ஒன்றைப் பசை போடாமல் திருகில் மாட்டச் சொல்லுங்கள். ஒவ்வொரு மழைக்காலம் முடிந்ததும் அதைக் கழற்றி உள்ளே ஒரு டார்ச் அடித்துப் பார்த்துக்கொள்ளலாம்.